தலைவி பாடாத பாட்டுகள்: அறுபதுகளின் இன்னொரு குரல்

அறுபதுகளின் தமிழ்நாட்டைச் சொல்லும் பத்துப் பாட்டு சொல்லுங்கள் என்று யாரைக் கேட்டாலும் பட்டியல் தயாராக இருக்கிறது. எம்.ஜி.ஆருக்கு டி.எம். சௌந்தரராஜன் பாடிய கொள்கைப் பாட்டு நாலு, சிவாஜிக்கு அதே டி.எம்.எஸ். பாடிய சோகப் பாட்டு மூன்று, பி. சுசீலாவின் தனிப்பாட்டு இரண்டு, மிச்சத்துக்குப் பி.பி. ஸ்ரீனிவாஸ். தொலைக்காட்சிகள் இதைத்தான் திருப்பித் திருப்பிப் போடுகின்றன. கல்யாண மண்டபத்து மெல்லிசைக் குழுக்கள் இதைத்தான் பாடுகின்றன. ‘அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா?’ என்று பெருமூச்சு விடுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் அந்தக் காலம் இந்தப் பட்டியல்தான். பட்டியலில் பொய் ஏதுமில்லை. பத்துப் பாட்டும் அப்போது பாடப்பட்டவைதான், கேட்கப்பட்டவைதான். ஆனாலும் நினைவு என்பது ஒரு தேர்வு. தேர்வில் எது உள்ளே வருகிறது, எதை வாசலில் நிற்க வைக்கிறோம் என்பதில் அரசியல் இருக்கிறது.

வாசலில் நிற்கிற குரல் எல்.ஆர். ஈஸ்வரியுடையது. இப்படிச் சொன்னால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். அவரை எங்கே மறந்தோம், கலைமாமணி கொடுக்கவில்லையா, ஆடி மாதம் பூராவும் அவர் பாட்டுதானே கேட்கிறது என்பார்கள். உண்மைதான். மறக்கவில்லை. ‘கிளப் டான்ஸ் பாட்டு’ என்று ஒரு பெட்டி, ‘அம்மன் பாட்டு’ என்று ஒரு பெட்டி. இரண்டு பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறோம். காலத்தின் குரல் என்று பேச்சு வரும்போது இரண்டு பெட்டியையும் திறப்பதில்லை. அந்தப் பத்தாண்டின் மணத்தை, அதன் பயங்களை, அது வெளியே சொல்லாத ஆசைகளை, அதன் தெருச் சத்தத்தை இந்த இரண்டு பெட்டிகளில்தான் தேட வேண்டும் என்பது என் வாதம்.

பத்தாண்டு என்று நான் சொல்வது நாள்காட்டிப் பத்தாண்டு அல்ல. ‘பாசமலர்’ வந்த 1961ல் ஆரம்பித்து, தளர்த்திய மதுவிலக்கை அரசு மறுபடி கொண்டுவந்த 1974 வரைக்கும் நீள்கிற ஒரு காலம். நடுவில் 1965ன் மொழிப்போர், அரிசிப் பஞ்சம், 1967ன் ஆட்சி மாற்றம், 1969ல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்றானது, அதே ஆண்டில் அண்ணாவின் மரணம், 1972ல் கட்சி உடைந்தது. நான் பிறந்தது இதற்கெல்லாம் வெகு பின்னால். இந்தப் பாட்டுகளைத் தேய்ந்த கேசட்டிலும் பிறகு குறுந்தகட்டிலும் கேட்டு வளர்ந்த ஆள். ஆகவே ஏக்கம் என்ற வியாதி எனக்கு இந்த விஷயத்தில் குறைவு.

பாசமலரில் வருகிற திருமணப் பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் வரிகள். 1958ல் கே.வி. மகாதேவன் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் ஈஸ்வரிக்குத் தனியாகப் பாட வாய்ப்புத் தந்திருந்தார் என்றாலும் ஊர் முழுக்க அவர் பெயர் தெரிந்தது பாசமலர் பாட்டால்தான். அறுபது வருஷத்துக்கு மேலாயிற்று. இன்றைக்கும் தமிழ்நாட்டில் பெண்ணழைப்பு நடக்கிற வீட்டு வாசலில் இந்தப் பாட்டு ஒலிக்கிறது. சாதி, மத பேதமில்லாமல் ஒலிக்கிறது. அந்தப் பாட்டில் மணப்பெண் பாடுவதில்லை. பாடுகிறவள் தோழி. மணப்பெண்ணைக் கூப்பிடுவது, கேலி செய்வது, இனி நடக்கப்போவதைச் சாடையாகச் சொல்லிச் சீண்டுவது எல்லாம் தோழியின் வேலை. பெண்ணுக்கு வேலை தலைகுனிந்து நடப்பது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. தொல்காப்பியம் யார் பேசலாம், யார் எதைப் பேசலாம் என்பதில் கறாரானது. களவில் பேச உரியவர்கள் தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாங்கன், பார்ப்பான் என்று செய்யுளியல் ஆறு பேரைக் கணக்கிடுகிறது. கற்பில் பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் என்று இன்னும் ஆறு பேர் சேர்கிறார்கள். தன்னுடைய வேட்கையைத் தலைவனுக்கு நேரே தானே எடுத்துச் சொல்லும் வழக்கம் தலைவிக்கு இல்லை என்கிறது களவியல். அவள் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் தோழி. அவள் ஆட முடியாததை ஆடத்தான் விறலி. அவள் கேட்க முடியாததைக் கேட்கத்தான் பரத்தை. இலக்கண மரபு கற்பைக் காப்பாற்றுவது தலைவியின் வாயை அடைத்து மட்டுமல்ல. அந்தப் பேச்சை வேறு பெண்களின் வாய்க்கு மாற்றிக் கொடுத்தும்தான்.

அறுபதுகளின் சினிமாப் பாட்டு இந்தக் கூற்று முறையை அச்சு அசலாக எடுத்துக்கொண்டது. எந்தப் புலவரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை. சுசீலாவின் குரல் தலைவிக்கு. ஈஸ்வரியின் குரல் தோழிக்கும் விறலிக்கும் பரத்தைக்கும், வேடிக்கைக்காரிக்கும், தெருவில் கூவி விற்பவளுக்கும். ‘அனுபவி ராஜா அனுபவி’யில் (1967) தூத்துக்குடிப் பேச்சில் முத்துக்குளிக்கக் கூப்பிடுகிற மனோரமாவுக்கு ஈஸ்வரி. ‘கருப்புப் பணம்’ படத்தின் (1964) மேடை ஆட்டத்துக்கு ஈஸ்வரி. இவருக்கு முன்னாலும் ஜிக்கி, கே. ஜமுனா ராணி என்று இந்த இடத்தில் குரல்கள் இருந்தன. ஆனால் வேலைப் பிரிவினை இத்தனை இறுக்கமானது இந்தப் பத்தாண்டில்தான்.

எவ்வளவு இறுக்கம் என்பதற்கு ஸ்ரீதரின் ‘சிவந்த மண்’ (1969) நல்ல சாட்சி. கதாநாயகி காஞ்சனா. காதல் டூயட்டில் அவருக்குக் குரல் சுசீலா. அதே காஞ்சனா வேடம் போட்டு ஆட்டக்காரியாக எதிரியின் முன்னால் ஆடுகிற காட்சியில், சவுக்கடிச் சத்தத்துக்கு இடையில் வருகிற பாட்டுக்குக் குரல் ஈஸ்வரி. முகம் மாறவில்லை, உடம்பு மாறவில்லை, கதாபாத்திரமும் மாறவில்லை. கற்புள்ள பெண் கொஞ்ச நேரம் ஆட்டக்காரி ஆகிறாள். உடனே தொண்டையைக் கழற்றி வேறு தொண்டையை மாட்டுகிறார்கள். பார்த்தவர்கள் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. கற்பு உடம்பில் இருக்கிறதா, மனசில் இருக்கிறதா என்று நமது மேடைகளில் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தபோது சினிமாக்காரர்கள் அது குரலில் இருக்கிறது என்று தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு இசைத்தட்டை வைத்துப் பார்க்க வேண்டும். 1970ல் தி.மு.க. அரசு மனோன்மணீயம் சுந்தரனாரின் வாழ்த்துப் பாடலைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. இசை அமைத்தவர் எம்.எஸ். விஸ்வநாதன். பாடியவர்கள் டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும். சிவந்த மண் பாட்டுக்கும் விஸ்வநாதன்தான் இசை என்பது நினைவிருக்கட்டும். அரசுக்கு ஒரு குரல் தேவைப்பட்டபோது சினிமாவின் கதாநாயகன் குரலும் கதாநாயகி குரலும் அப்படியே அரசின் குரலாகப் போய் உட்கார்ந்துகொண்டன. பள்ளிக்கூடத்திலும் அரசு விழாவிலும் தமிழ்த்தாய் அன்று முதல் நெடுங்காலம் அந்தக் குரல்களில்தான் வாழ்த்தப்பட்டாள். ஈஸ்வரியை அங்கே பாட வைத்திருக்க முடியுமா என்று ஒரு கணம் கற்பனை செய்து பாருங்கள். சிரிப்பு வருகிறது அல்லவா? அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது விஷயம்.

இனி கிளப்புக்கு வருவோம். தென் மாவட்டங்களில் ‘கிளப்பு’ என்றால் சாப்பாட்டுக் கடை. காபி கிளப், கிளப்புக் கடை என்பதெல்லாம் இட்லியும் சாம்பாரும் கிடைக்கிற இடம். இசைக்குழு வாசிக்க, பெண் ஆட, கண்ணாடிக் கோப்பையோடு கனவான்கள் உட்கார்ந்திருக்கும் இடம் எந்தத் தமிழனுக்கும் அநேகமாகத் தெரியாது. தெரிந்திருக்க வழியில்லை. 1937ல் சேலம் மாவட்டத்தில் ஆரம்பித்து 1948ல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்துவிட்ட மதுவிலக்கு 1971 வரை அமலில் இருந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள் சட்டப்படி உலர்ந்த மாநிலம் இது. பர்மிட் உள்ளவர்கள் குடித்தார்கள், கள்ளச்சாராயம் ஓடியது, அது வேறு கதை. நான் சொல்வது அந்தப் பளபளப்பான அறையை. அந்த அறை மயிலாப்பூரிலும் இல்லை, மன்னார்குடியிலும் இல்லை. கோடம்பாக்கத்து செட்டில் இருந்தது. அதைவிட முக்கியமாக ஈஸ்வரியின் பாட்டில் இருந்தது.

‘வல்லவன் ஒருவன்’ (1966) மாதிரியான மாடர்ன் தியேட்டர்ஸ் துப்பறியும் படங்களின் பாட்டுகளை இந்த வெளிச்சத்தில் கேட்க வேண்டும். இசை வேதா. இந்தி மெட்டுகளைத் தமிழ் வார்த்தைக்கு ஏற்ப வார்ப்பதில் பேர் வாங்கியவர். இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்த கை காயாத ஊரில் இந்தி மெட்டு சல்லாபமாக நடமாடியது. இதைக் கபடம் என்று நான் சொல்ல மாட்டேன். மொழித் திணிப்பை எதிர்த்தவனுக்கு மெட்டின் மேல் பகை இருக்கவேண்டிய அவசியமில்லை. ஆனால் அந்த மெட்டு எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தது என்பதைப் பாருங்கள். தலைவியின் கதவு வழியாக அவ்வளவாக வரவில்லை. டிரம்பெட், பாங்கோ, ட்விஸ்ட், மூச்சிரைப்பு, சிரிப்பு, விக்கல், முனகல் எல்லாவற்றுக்கும் ஒரே கதவு. நவீனத்துவம் என்று நாம் இன்று பெரிய வார்த்தையில் பேசுகிற சமாச்சாரத்தை அறுபதுகளின் தமிழ்ச் சமூகம் வீட்டுக்குள் விடப் பயந்தது. ஆனால் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. இல்லாத ஒரு அறையைக் கட்டி அதற்குள் ஆட விட்டு, அறையின் சாவியை ஒரு பாடகியின் தொண்டைக்குள் வைத்தது.

1971ல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. அடுத்த ஆண்டே ‘வசந்த மாளிகை’ வருகிறது. டி.எம்.எஸ்.ஸும் ஈஸ்வரியும் சேர்ந்து பாடும் குடிப்பாட்டு அதில் இருக்கிறது. குடி இப்போது தெருமுனைக்கே வந்துவிட்டது. அந்தப் பாட்டில் பழைய பாட்டுகளின் மினுமினுப்பு இல்லை. ஒரு சலிப்பும் சீற்றமும் இருக்கிறது. கற்பனை அறையின் மதிப்பு, நிஜக் கடை திறந்ததும் இறங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. இதை நிரூபிக்க முடியாது. கேட்டுப் பார்க்கலாம்.

1968ஐத் தனியாகப் பேச வேண்டும். ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. மெரினாவில் சிலைகள். வள்ளுவர், இளங்கோ, கம்பர், பாரதி, பாரதிதாசன் என்ற வரிசையில் சிலம்பை ஓங்கிப் பிடித்த கண்ணகியும் நின்றாள். நகரமே செந்தமிழில் பேசிய மாதம். அதே ஆண்டு வந்த கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் ‘பணமா பாசமா’வில் இலந்தைப்பழம் விற்கிற பெண்ணாக விஜயநிர்மலா வருகிறார். கே.வி. மகாதேவன் இசையில் ஈஸ்வரி பாடினார். தமிழ்நாட்டில் அந்தப் பாட்டு போகாத சந்து இல்லை. பாட்டில் பழம் ‘பழம்’ இல்லை, ‘பயம்’. தமிழுக்கே உரியது என்று மாநாட்டு மேடையில் மார் தட்டிக்கொண்ட சிறப்பு ழகரத்தை ஒரு கூடைக்காரி சர்வ சாதாரணமாக யகரமாக்கி ஊர் பூராவும் பாட வைத்துவிட்டாள். சென்னைச் சேரித் தமிழை நாடகத்தில் கேலிக்காகப் பேச வைப்பது முன்பே உண்டு. சந்திரபாபு அதைப் பாட்டிலும் கொண்டுவந்திருந்தார். ஆனால் ஒரு பெண் குரலில், விற்கிறவளின் அதிகாரத்தோடு, பேரம் பேசுகிற தொனியில் அந்த மொழி ஊரெங்கும் ஒலித்தது புதிது.

பாட்டின் இரட்டை அர்த்தத்தைப் பற்றிப் பத்திரிகைகளும் பெரியவர்களும் முகம் சுளித்தார்கள். இரட்டை அர்த்தம் இருந்ததா என்றால் இருந்தது. கண்ணதாசனுக்கு அது கைவந்த கலை. ஆனால் சுளித்த முகங்களுக்கு அது மட்டும்தான் தொந்தரவாக இருந்ததா? சங்க இலக்கியத்தின் இறைச்சிப் பொருளை ரசித்து ரசித்துப் பாடம் நடத்துகிறவர்கள் கூடைக்காரியின் இறைச்சிப் பொருளுக்கு ஏன் மூக்கைப் பொத்த வேண்டும்? என்னுடைய எம்.ஏ. வகுப்பில் இதைக் கேட்டபோது கிடைத்த பதில், ‘அது இலக்கியம்’. அதோடு அந்த உரையாடல் முடிந்துபோயிற்று.

தோழர்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்வி இங்கே நிற்கிறது. அதே 1968ன் டிசம்பர் 25ஆம் தேதி இரவு, கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிகளின் குடும்பங்களைச் சேர்ந்த நாற்பத்து நான்கு பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அந்த ஆண்டைப் பற்றிப் பேச உட்கார்ந்து இலந்தைப்பழப் பாட்டையா பேசுவது? நியாயமான கேள்வி. இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லக்கூடாது. வெண்மணிக்குத் திரைப்பாட்டு வாய் திறக்கவில்லை. டி.எம்.எஸ். குரலும் திறக்கவில்லை, சுசீலா குரலும் திறக்கவில்லை, ஈஸ்வரி குரலும் திறக்கவில்லை. உழைப்பவனைப் பற்றி எம்.ஜி.ஆர். படத்துக்குப் படம் ஒரு பாட்டுப் பாடிய காலம் அது. அரைப்படி நெல் கூடக் கேட்டவர்கள் எரிந்தபோது ஒரு பாட்டு வரவில்லை. ஆகவே திரைப்பாட்டு ஒரு காலத்தின் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது என்று நான் வாதாட வரவில்லை. அது பிடித்து வைத்திருப்பதைச் சரியாகக் கேட்கவாவது செய்வோம் என்கிறேன். ‘கொள்கைப் பாட்டுகள்’ அந்தக் காலத்தின் மனசாட்சி என்று பட்டியல் போடுகிறவர்கள்தான் வெண்மணிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

பாட்டு எப்படிக் கேட்கப்பட்டது என்பதைப் பேசாமல் பாட்டைப் பற்றிப் பேசுவது நமது விமர்சகர்களின் பழக்கம். வரிகளை எடுத்து எழுதி, கவிதையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பின்னணிப் பாடகிகளின் வரலாற்றைக் குரல் என்ற கோணத்தில் விரிவாக எழுதியவர் அமெரிக்க ஆய்வாளர் அமாண்டா வைட்மன். 2021ல் வெளிவந்த அந்த நூலில் ஈஸ்வரிக்கு முக்கியமான இடம் உண்டு. நாம் எழுதியிருக்க வேண்டியது. ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்தும் வெள்ளித்திரையிலிருந்தும் கொஞ்சம் தள்ளி வந்து, பனைமரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியின் அடியில் நின்று இந்தக் குரலைக் கேட்கலாம் என்பது எனது எண்ணம்.

அறுபதுகளில் வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ, டீக்கடை, சினிமாக் கொட்டகையில் படம் ஆரம்பிக்குமுன் போடும் ரிக்கார்டு, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கட்டுகிற ரேடியோ செட். எங்கள் பக்கத்தில் செட் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் பேசியிருக்கிறேன். முதல் ரிக்கார்டு பிள்ளையாருக்கு, அது சீர்காழி கோவிந்தராஜன். பிறகு முருகன். பிறகு சினிமா பக்திப் பாட்டு. வெயில் ஏற ஏற எம்.ஜி.ஆர்., சிவாஜி. பந்தி முடிந்து பெரியவர்கள் கண்ணயரும் நேரத்தில் பையன்கள் வந்து தலையைச் சொறிவார்களாம். ‘அப்பத்தான் ஈஸ்வரியம்மாவ எடுக்கிறது’ என்றார். அவர் சொன்ன இன்னொன்று எனக்கு எந்தக் கோட்பாட்டுப் புத்தகத்திலும் கிடைக்காதது. கூம்புக் குழாயில் கீழ்ஸ்தாயி நிற்காது. தபேலாவின் கும்காரம் போய்விடும், குழைவு போய்விடும். சுசீலாவின் நுணுக்கம் முக்கால்வாசி காற்றில் கரைந்துவிடும். தொண்டையைத் திறந்து அடிக்கிற குரல்தான் வயல் தாண்டி அடுத்த ஊருக்குப் போகும். ‘ஈஸ்வரி குரல் குழாய்க்குன்னே பொறந்த குரல்’ என்பது அவர் தீர்ப்பு. ரொலாண் பார்த் குரலின் சொரசொரப்பு என்று சொன்னதை இவர் குழாய் பாஷையில் சொல்லிவிட்டார்.

குழாய்க்குச் சாதி உண்டு. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் வாய்க்கால் இருக்கலாம், வயல் இருக்கலாம், சுவர்கூட இருக்கலாம். சத்தத்துக்கு அது தெரியாது. சேரித் திருவிழாவில் குழாயை ஊர்ப் பக்கம் திருப்பிக் கட்டினார்கள் என்பதற்காக வெட்டுக்குத்து வரை போன ஊர்கள் உண்டு. கோயிலுக்குள் நுழைய முடியாதவன், டீக்கடையில் தனிக் குவளையில் குடித்தவன், தன் சத்தத்தை ஊர்த் தெருவுக்குள் அனுப்ப முடிந்த முதல் கருவி அந்தக் குழாய். அதில் எந்தக் குரல் போயிற்று என்பது சும்மா விஷயமல்ல.

போன குரல் பெரும்பாலும் ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டு. எழுபதுகளில் இந்தப் பாட்டுகள் ஊர் ஊராகப் பரவின. இன்றைக்கும் ஆடியில் கூழ் ஊற்றுகிற எந்தத் தெருவிலும் விடியற்காலை நாலு மணிக்கு இந்தக் குரல்தான் எழுப்பும். அக்ரகாரத்துக்கும் மேல்தட்டு வீட்டுக்கும் எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம், நடுத்தர வீட்டுக்குச் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், தெருவுக்கு ஈஸ்வரி. பக்தியிலும் குரலுக்கு வீடும் தெருவும் பிரித்து வைத்திருக்கிறோம். சுப்ரபாதம் கேட்டு யாருக்கும் சாமி வந்ததில்லை. ஈஸ்வரி பாட்டுக்கு உடுக்கும் பம்பையும் சேர்ந்துகொண்டால் வேப்பிலையோடு பெண்கள் ஆட ஆரம்பித்துவிடுவார்கள். பாடியவர் பிறப்பால் கிறிஸ்தவர் என்பது மாரியாத்தாளுக்கும் ஒரு பொருட்டில்லை, ஆடியவர்களுக்கும் ஒரு பொருட்டில்லை.

ஒரே தொண்டை எப்படிக் கிளப்புக்காரியாகவும் அம்மனாகவும் ஆயிற்று? இதை முரண் என்று வியப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு முரணாகப் படவில்லை. மாரியம்மன் குங்குமச் சிமிழோடு கணவன் பக்கத்தில் அடக்கமாக நிற்கிற தெய்வமல்ல. எல்லையில் தனியாக உட்கார்ந்திருப்பவள், கோபக்காரி, ரத்தம் கேட்பவள், இறங்கி வந்து பெண்களின் உடம்பில் ஆடுபவள். தமிழ்ச் சமூகம் தலைவி என்ற சட்டகத்துக்குள் அடைக்க முடியாத பெண்ணுடல்கள் என்று எவற்றைக் கண்டதோ, அத்தனைக்கும் ஒரே குரலைக் கொடுத்தது. ஆட்டக்காரி, கூடைக்காரி, சாமி வந்தவள். மூவருக்கும் தலைமுடி அவிழ்ந்திருக்கும். என் சித்தி ஒருத்தி சிறு வயசில் பாட்டெல்லாம் குழாயிலேயே கற்றுக்கொண்டவள். ‘நல்ல பாட்டும் கெட்ட பாட்டும் ஒரே அம்மாதான் பாடுச்சு, நாங்க ரெண்டையும்தான் பாடுவோம்’ என்பாள். கெட்ட பாட்டைப் பாடியதற்கு அடி வாங்கியதும் உண்டாம். அம்மன் பாட்டுக்கு அடி இல்லை. குரலில் வித்தியாசமே இல்லையே, பின்னே எதுக்கு அடிச்சாங்க என்று அவள் கேட்பதற்கு என்னிடமும் பதிலில்லை.

இவ்வளவு சொல்வதால் கிளப் பாட்டுகளைப் பெண் விடுதலைப் பிரதிகள் என்று தூக்கிப் பிடிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுதியவர்கள் ஆண்கள், இசையமைத்தவர்கள் ஆண்கள், காமிராவுக்குப் பின்னால் ஆண்கள், கொட்டகையில் விசிலடித்தவர்கள் ஆண்கள். திரையில் ஆடிய ஜோதிலட்சுமிக்கும் விஜயலலிதாவுக்கும் சி.ஐ.டி. சகுந்தலாவுக்கும் கதை வைத்திருந்த முடிவு என்ன என்று எல்லாருக்கும் தெரியும்: கடைசி ரீலில் துப்பாக்கிக் குண்டு, அல்லது கண்ணீர் விட்டுத் திருந்துவது. படம் தண்டித்துவிடும். ஆனால் குழாயில் கேட்கிறபோது கடைசி ரீல் கிடையாது. காமிராவும் கிடையாது. தண்டனைக்கு முன்னாலேயே ரிக்கார்டு முடிந்துவிடும், பையன்கள் மறுபடி போடச் சொல்வார்கள். வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கேட்டது ஒரு பெண்ணின் தயக்கமில்லாத சிரிப்பு மட்டும்தான். பார்ப்பதற்கான ஆணின் உரிமையைப் படம் காப்பாற்றியது; கேட்பதற்கான பெண்ணின் வாய்ப்பை அதே வியாபாரம் தெரியாமல் திறந்துவிட்டது. முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதைச் சொல்லாமல் விடுவது அரைகுறை விமர்சனம்.

அந்தக் குரலுக்கு வேறு எதுவும் வராது என்ற பேச்சும் இருந்தது. 1972ல் பாலசந்தரின் ‘வெள்ளி விழா’வில் வி. குமார் அவரைத் தாழ்ந்த குரலில், காதோரம் கிசுகிசுக்கிற மாதிரி ஒரு பாட்டுப் பாட வைத்தார். தமிழ்த் திரைப்பாட்டில் அவ்வளவு நெருக்கமான குரல் அபூர்வம். குழாயில் அந்தப் பாட்டு நிற்காது; அறைக்குள் கேட்க வேண்டியது. தொண்டைக்குத் தெரிந்திருந்தது, கொடுக்கத்தான் ஆளில்லை. அதன் பிறகும் அப்படிப்பட்ட பாட்டுகள் வரிசையாக வந்துவிடவில்லை. தொழில் அவரைப் பழைய அறைக்கே திருப்பி அனுப்பியது.

அந்த அறையும் சீக்கிரம் இடிந்தது. 1976ல் ‘அன்னக்கிளி’ வருகிறது. இளையராஜாவின் வருகையைக் கிராமத்துக் குரல் சினிமாவுக்குள் வந்த கதையாக மட்டும் எழுதுகிறோம். அதே காலத்தில் பெண் குரல்களின் வேலைப் பிரிவினை உடைந்ததை யாரும் எழுதுவதில்லை. எஸ். ஜானகி கதாநாயகிக்கும் பாடினார், ஆட்டக்காரிக்கும் பாடினார். ‘மூன்றாம் பிறை’யில் (1982) சில்க் ஸ்மிதாவின் ஆட்டத்துக்கு வருவது ஜானகியின் குரல். கதாநாயகிகள் தாங்களே குட்டைப் பாவாடை போட்டு ஆட ஆரம்பித்தார்கள். தலைவிக்கு வாய் வந்தது, நல்லதுதான். ஆனால் வாய் வந்த தலைவி தோழியை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். எண்பதுகளில் ஈஸ்வரிக்கு மிஞ்சியது ஆடி மாதம்.

2011ல் ‘ஒஸ்தி’ படத்துக்காக அவரைக் கூட்டி வந்து ஒரு குத்துப் பாட்டுப் பாட வைத்தார்கள். பழைய குரல் என்ற கிண்டலும் கொண்டாட்டமும் கலந்த வரவேற்பு. 2020ல் ‘மூக்குத்தி அம்மன்’ படத்தில், எண்பதை எட்டியிருந்த ஈஸ்வரி ஆடி மாதத்துக் குத்துப் பாட்டு ஒன்று பாடினார். இரண்டு பெட்டியையும் ஒரே பாட்டில் கொட்டியிருந்தார்கள். குத்துக்கு வேறு குரல், சாமிக்கு வேறு குரல் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. அறுபதுகளில் அப்படிக் கேட்டார்கள், அதற்கு விலையும் வைத்தார்கள்.

இன்னொன்று. ஈஸ்வரியின் தாயார் ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடியவர். மகளும் அம்மாவோடு போய்க் கோரஸில் நின்றுதான் ஆரம்பித்தார். தோழிக்குப் பின்னாலும் தோழிகள் இருந்தார்கள். பாசமலர் பாட்டில் தோழி கூப்பிடக் கூப்பிடப் பின்பாட்டாக எழும்பி வருகிற பெண்கள் யார் யார்? எத்தனை பேர், ஒரு பாட்டுக்கு என்ன கூலி, பிறகு என்ன ஆனார்கள்? பாட்டுப் புத்தகத்தில் அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு வார்த்தைதான் போட்டிருக்கிறது: குழுவினர்.